மாக்டபர்க் என்றொரு சொல்

பள்ளியில் இயற்பியல் படித்த பலருக்கு அந்தப் படம் நினைவிருக்கும். இரண்டு செப்பு அரைக்கோளங்கள் வாயோடு வாய் சேர்ந்து ஒரு பந்தாக இருக்கும். இரு பக்கமும் எட்டெட்டுக் குதிரைகள் கழுத்துநரம்பு புடைக்க இழுக்கும். பந்து பிரியாது. காற்றுக்கு எடை உண்டு, அது எல்லாத் திசையிலும் அழுத்துகிறது என்று ஆசிரியர் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவார். படத்தின் பெயர் 'மாக்டபர்க் அரைக்கோளங்கள்'. மாக்டபர்க் என்பது அதைச் செய்தவரின் பெயர் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஓர் ஊர். ஜெர்மனியில், எல்பே ஆற்றங்கரையில் இருக்கிறது.

கருவிக்கும் விதிக்கும் கண்டவர் பெயரை வைப்பதே பெருவழக்கு. ஆர்க்கிமிடீஸின் திருகு, டாரிசெல்லியின் குழாய், பாயிலின் விதி என்றுதான் சொல்கிறோம். லெய்டன் சாடியைப் போல ஊர்ப்பெயர் தாங்கியவை சிலதான். இந்தக் கோளங்களைச் செய்தவர் பெயரில்லாதவர் அல்லர். அந்த ஊரின் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரத் தலைவர்களில் ஒருவர், முப்பது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவர். அவருடைய கருவிக்கு அவர் பெயர் வராமல் ஊர்ப்பெயர் வந்தது எப்படி என்று தேடிப் போனால், அந்த ஊர்ப்பெயர் அதற்கு முன்பே இரண்டு முறை பொதுச்சொல்லாக மாறியிருந்தது தெரிகிறது. ஒருமுறை சட்டத்துக்கு. இன்னொரு முறை கொலைக்கு.

முதலில் பெயரின் பிறப்பைப் பார்த்துவிடலாம். கி.பி. 805-இல் பேரரசர் சார்லமேன் காலத்து ஆவணம் ஒன்றில் 'மாகதோபர்க்' என்று இந்த ஊர் முதன்முதலாக எழுத்தில் வருகிறது. பின்பாதி 'பர்க்' என்பதில் சிக்கல் இல்லை. கோட்டை, அரண் சூழ்ந்த இடம். ஹாம்பர்க், சால்ஸ்பர்க் என்று ஐரோப்பா முழுக்க இறைந்து கிடக்கும் விகுதி அது. நமக்குப் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை எப்படியோ அவர்களுக்கு அப்படி. முன்பாதிதான் வழக்காடுகிறது. 'பெரிய' என்ற பொருள்தரும் பழஞ்சொல் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். ஊர்மக்களோ அதைக் கேட்கவில்லை. 'மாக்ட்' என்றால் அவர்கள் மொழியில் கன்னிப்பெண். ஆகவே இது கன்னிக்கோட்டை. லத்தீன் படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்க் கிரேக்கத்தில் 'பார்த்தனோபோலிஸ்', கன்னிநகர், என்று மொழிபெயர்த்து எழுதினார்கள். நகரத்தின் முத்திரையில் கோட்டைமீது கையில் மலர்வளையம் ஏந்திய ஒரு பெண் நிற்கிறாள். இன்றும் நிற்கிறாள்.

சொல்லாராய்ச்சியில் இதை மக்கள்வழக்கு வேர் என்பார்கள். வேராக அது பிழையாகவே இருக்கலாம். ஆனால் ஓர் ஊரார் தம் ஊர்ப்பெயருக்கு என்ன பொருள் என்று நம்புகிறார்களோ அந்த நம்பிக்கைக்கு வரலாற்றில் விளைவு உண்டு. இந்தக் கன்னி பின்னால் மிகக் கொடுமையான ஓர் உவமையில் வந்து நிற்கப்போகிறாள்.

ஊர்ப்பெயர் முதன்முதலில் பொதுச்சொல்லானது சட்டத்தால். 1188-இல் பேராயர் விக்மன் இந்த நகரத்தின் சட்டவழக்கங்களைச் சீர்செய்து எழுத்தில் தந்தார். வணிகர்கள் தங்களுக்குள் எப்படி வழக்காடுவது, சொத்து யாருக்குச் சேரும், நகரத்தை யார் ஆள்வது என்பவற்றுக்கெல்லாம் முறை இருந்த இந்த ஏற்பாடு கிழக்கே இருந்த ஊர்களுக்குப் பிடித்துப்போனது. கிராக்கோவ் 1257-இல் அதை ஏற்றது. வில்னியஸ் 1387-இல் பெற்றது. உக்ரைனின் கீவ் வரைக்கும் போனது. அங்கே நீப்பர் ஆற்றங்கரையில் மாக்டபர்க் உரிமைக்கென்றே ஒரு தூண் நிற்கிறது. 'எங்கள் ஊருக்கு மாக்டபர்க் உண்டு' என்றால் எங்களை நாங்களே ஆண்டுகொள்கிறோம் என்று பொருள். சட்டத்தில் ஐயம் வந்தால் இந்தச் சேய்நகரங்கள் தாய்நகரத்தின் நடுவர் சபைக்கு எழுதிக் கேட்கும்; அங்கிருந்து தீர்ப்பு எழுதிப் போகும். நூற்றாண்டுக் கணக்கில் அப்படிச் சேர்ந்த கேள்விகளும் விடைகளும் மாக்டபர்க்கில் கட்டுக்கட்டாக இருந்தன.

சட்டத்தோடு சேர்ந்து ஒரு பதவிப்பெயரும் ஊர் ஊராகப் போனது: பர்கர்மைஸ்டர். கோட்டைக்குள் இருப்பவர் பர்கர், அதாவது நகரக் குடியுரிமை பெற்றவர். அவர்களின் தலைவர் மைஸ்டர். இந்தச் சொல்லைப் போலந்துக்காரர்கள் 'புர்மிஸ்ட்ஷ்' ஆக்கினார்கள். ஸ்வீடனில் 'போரிமெஸ்தாரே' ஆயிற்று. பின்லாந்து மொழியின் நாக்கு மெய்யெழுத்துக் கூட்டத்தைத் தாங்காது, அங்கே 'பொர்மெஸ்தரி'. ஸ்டேஷனை 'டேசன்' ஆக்கிய நாக்கு நமக்கும் உண்டு என்பதால் எனக்கு இந்தப் பின்லாந்துச் சொல்மீது ஒரு பாசம்.

டச்சு மொழியிலும் இதே பர்கர்தான். டச்சுக் கம்பெனி இலங்கையில் ஆண்டபோது அங்கே குடியேறி வாழ்ந்த ஐரோப்பியரை அந்தச் சொல்லால் அழைத்தது. அவர்களின் வழித்தோன்றல்களை இன்றும் ஆங்கிலத்தில் பர்கர் என்கிறார்கள், தமிழில் பறங்கியர். எல்பே ஆற்றங்கரைக் கோட்டைச் சொல்லின் ஒரு கிளை மட்டக்களப்பு வரை வந்திருக்கிறது.

மைஸ்டர் என்பதன் பின்னால் லத்தீனின் 'மாகிஸ்தர்' இருக்கிறது. அதன் அடி 'மாகிஸ்', அதிகம் என்று பொருள். ஆங்கிலேயர் கொண்டுவந்த மேயர் என்ற சொல்லுக்கு அடி லத்தீனின் 'மாயோர்', அதாவது அதிகப் பெரியவர். இரண்டும் ஒரே வேரின் கிளைகள். வடமொழியின் 'மகா'வும் அதே குடும்பம்தான். சென்னைப்பட்டினத்தில் 1688-இல் மாநகராட்சி தொடங்கியபோது நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயரானார். அன்று வந்த சொல் தமிழ்நாட்டில் அப்படியே தங்கிவிட்டது. இலங்கைத் தமிழர் 'மாநகர முதல்வர்' என்கிறார்கள். நம் கிராமங்களின் பெரியதனக்காரர் என்ற சொல்லைக் கேட்டால் ஒரு மாக்டபர்க்காரருக்குப் பொருள் உடனே விளங்கியிருக்கும்.

இனி மனிதரின் பெயருக்கு வருவோம். 1602 நவம்பரில் மாக்டபர்க்கின் பழைய பெருங்குடி ஒன்றில் பிறந்தவர். ஞானஸ்நானப் பெயர் ஒட்டோ. குடும்பப் பெயர் கேரிக்கெ. ஒட்டோ என்பதன் அடியில் இருப்பது 'ஓட்' என்ற பழஞ்சொல். உடைமை, செல்வம் என்று பொருள். கேரிக்கெயின் அடி 'கேர்', அதாவது ஈட்டி. கேர்ஹார்ட் போன்ற நீண்ட பெயர்களை வடஜெர்மானியர் சுருக்கி, 'கெ' என்ற செல்ல விகுதி சேர்த்துக் கூப்பிடுவார்கள். வேலாயுதத்தை வேலு என்று நாம் கூப்பிடுவது போல. ஆக, பெயரை அப்படியே தமிழில் இறக்கினால் அவர் செல்வவேலு. இந்தப் பொருத்தத்தைக் கண்ட நாளிலிருந்து அந்தப் படத்துக் குதிரைகளுக்குப் பின்னால் நிற்கும் ஆள் எனக்கு அயலாராகத் தெரிவதில்லை.

லைப்சிக், ஹெல்ம்ஸ்டெட், ஜேனா என்று படிக்கப் போனார். பிறகு ஹாலந்தின் லெய்டனில் சட்டத்தோடு கணிதமும் கோட்டை கட்டும் கலையும் கற்றார். ஊர் திரும்பிய கையோடு 1626-இல் திருமணமும் நகரசபையில் இடமும் வந்தன. சபையில் கட்டுமானப் பொறுப்பு அவரிடம் வந்தது. எல்லாருக்கும் வாக்கு இருந்த காலமல்ல அது. பெருங்குடி வீட்டாரே பெரும்பாலும் சபையில் அமர்ந்தார்கள். ஆனாலும் மன்னன் அனுப்பிவைத்த அதிகாரி அல்லர், ஊராருள் ஒருவர். மதில் எங்கே விரிந்திருக்கிறது, பாலத்தில் எந்தத் தூண் ஆடுகிறது என்று தெரிந்தவர்.

அந்த மதில்தான் 1631-இல் உடைந்தது.

முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் கோட்டையாக இருந்த மாக்டபர்க், ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்பை நம்பிக் கத்தோலிக்கப் பேரரசரை எதிர்த்து நின்றது. தளபதி டில்லியின் படை முற்றுகையிட்டது. ஸ்வீடன் படை வந்து சேரவில்லை. 1631 மே 20 அன்று காலை பேரரசப் படை உள்ளே புகுந்தது. கொள்ளையும் கொலையுமாகத் தொடங்கியது, தீ பிடித்தது, நகரம் ஒரே நாளில் எரிந்தது. இருபதாயிரம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவான கணிப்பு. பேராலயத்துக்குள் ஒளிந்தவர்கள் பிழைத்தார்கள். கேரிக்கெ மனைவி மக்களோடு சிறைப்பட்டு, மீட்புப்பணம் கட்டப்பட்டு வெளியே வந்தார். வீடு போயிற்று, சொத்து போயிற்று. சேய்நகரங்களின் கேள்விகளும் விடைகளும் இருந்த அந்த நடுவர் சபைக் கட்டுகளும் எரிந்தன. அடுத்த ஆண்டு, 1632-இல், எண்ணிப் பார்த்தபோது நகருக்குள் இருந்தவர்கள் 449 பேர்.

இந்த நாளுக்கு வென்றவர்கள் வைத்த பெயர் 'மாக்டபர்க் கல்யாணம்'. முத்திரையில் நின்ற அந்தக் கன்னியைப் படைத்தலைவன் பலவந்தமாக மணமுடித்தானாம். ஊர்ப்பெயருக்கு ஊரார் ஆசையாகச் சொல்லிவந்த பொருளையே எடுத்து, அவர்கள் பெண்களுக்கு நேர்ந்ததை அதனால் சொன்னார்கள். சொல்லாராய்ச்சி செய்கிறவன் கைகூசி நிற்கும் இடம் இது. தோற்ற பக்கத்திலும் சொற்கள் பிறந்தன. பின்வந்த போர்களில் பேரரசப் படைவீரன் மண்டியிட்டு உயிர்ப்பிச்சை கேட்டால் 'மாக்டபர்க் இரக்கம்' என்று சொல்லிக் கொன்றார்கள். ஜெர்மன் மொழியில் ஒரு வினைச்சொல்லே உருவானது: 'மாக்டபர்கிஸீரன்'. மாக்டபர்க் ஆக்குதல். ஓர் ஊரை ஆள் பேர் இல்லாமல் அழித்துச் சாம்பலாக்குதல்.

தன்னாட்சிக்கு மறுபெயராக நானூறு ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய சொல், ஒரே நாளில் அழிவுக்கு வினைச்சொல்லானது. பெயர்ச்சொல் வினையாவது மொழியில் இயல்பான நிகழ்வு. இந்த வினையை மட்டும் அப்படிப் படித்துவிட்டுப் போக முடியவில்லை. அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் ஓர் ஊரின் பெயர் தேய்ந்திருக்கிறது.

கேரிக்கெ பிழைப்புக்காகச் சிலகாலம் ஸ்வீடன் படைக்குப் பொறியாளராக எர்ஃபர்ட்டில் வேலை பார்த்தார். 1632-இலேயே ஊர் திரும்பி, சாம்பல்மேட்டுக்கு அளவெடுத்து, மீண்டும் கட்டுவதற்கான வரைபடம் போட்டார். அழிவைக் கண்ணால் கண்டவராக ஒரு வரலாறும் எழுதினார். அது அவர் காலத்துக்கு வெகு பின்னரே அச்சேறியது. 1641-இல் நகரக் கருவூலப் பொறுப்பு. 1646-இல் பர்கர்மைஸ்டர்களில் ஒருவராகத் தேர்வு. 1676 வரை அந்தப் பதவி.

பதவி என்றால் நாற்காலி அல்ல, பயணம். போர் முடிவில் மாக்டபர்க் கேட்டது ஒன்றுதான்: பேரரசரைத் தவிர வேறு எந்தக் குறுநில மன்னனுக்கும் பேராயனுக்கும் கட்டுப்படாத சுதந்திர நகரம் என்ற நிலை. அதற்கு ஆதாரமாக, கி.பி. 940-இல் பேரரசர் முதலாம் ஒட்டோ தந்தது என்று ஒரு சாசனத்தைச் சொன்னார்கள். மூலச் சாசனம் கையில் இல்லை. அப்படி ஒன்று உண்மையில் தரப்படவே இல்லை என்பது பிற்கால ஆய்வாளர் முடிபு. ஆனால் 1648-இன் வெஸ்ட்பேலியா உடன்படிக்கையில் இந்தச் சாசனத்தைப் பற்றிய ஒரு பிரிவு இடம்பெறும் அளவுக்குக் கேரிக்கெயும் தோழர்களும் வாதாடியிருந்தார்கள். அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவர ஓஸ்னாப்ரூக், நியூரம்பர்க், வியன்னா, பிராக், ரேகன்ஸ்பர்க் என்று அவர் குதிரைவண்டியில் அலைந்தார். ஒட்டோ என்ற பேரரசரின் தொலைந்த தாளுக்காக ஒட்டோ என்ற நகரத்தலைவர் அலைந்தார்.

இதற்கு நடுவில்தான் வெற்றிடம்.

வெறு என்ற அடியோடு இடம் சேர்ந்தால் வெற்றிடம். நல்ல தமிழ்ச்சொல், லத்தீனின் 'வாகுவம்' என்பதற்குச் சரியான பொருத்தம். ஆனால் தமிழில் இன்னும் பழைய ஒரு சொல் உண்டு: பாழ். ஒன்றுமில்லாத வெறுமையும் பாழ். அழிந்து கிடக்கும் ஊரும் பாழ். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழிக்காரனுக்கு, ஊர் பாழானதைக் கண்டவர் பாழை ஆராய்ந்தார் என்று எழுதக் கை துடிக்கும். நானும் அப்படி ஒரு வரி எழுதி அடித்தேன். காரணம், அவரே தம் நூலில் வேறு வழியைக் காட்டுகிறார். கோபர்நிகஸின் உலகமைப்பை ஏற்றவர் அவர். ஞாயிறும் கோள்களும் அத்தனை தொலைவில் தனித்தனியே நின்றால் நடுவில் இருப்பது என்ன? காற்றா, வேறு நுண்பொருளா, ஒன்றுமே இல்லையா? அரிஸ்டாட்டில் வழிவந்தவர்கள் வெற்றிடம் என்பதே இருக்க முடியாது, இயற்கை அதை வெறுக்கிறது என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். கேரிக்கெக்கு வாதம் அலுத்துவிட்டது. செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினார்.

கைக்கு எட்டியது பீர் பீப்பாய். குடும்பத் தொழிலில் மதுவடிப்பும் உண்டு. பீப்பாயில் தண்ணீரை நிரப்பி, தீயணைப்புக்கு வைத்திருந்த பித்தளைப் பீச்சாங்குழலை ஒத்த ஒரு பம்பை அடியில் பொருத்தி, தண்ணீரை வெளியே இழுத்தால் உள்ளே வெறுமை மிஞ்சும் என்பது கணக்கு. பலசாலிகள் இழுத்தார்கள். தண்ணீர் வந்தது; கூடவே பலகை இடுக்குகள் வழியே காற்று சீறிக்கொண்டு உள்ளே போகும் சத்தமும் வந்தது. சிறு பீப்பாயைப் பெரிய பீப்பாய்க்குள் நீரில் அமிழ்த்திப் பார்த்தார். நீர் கசிந்து உள்ளே போனது. மரம் சரிப்படாது என்று செப்புக் கோளத்துக்கு மாறினார். இந்த முறை தண்ணீர் வைக்காமல் நேராகக் காற்றையே இழுத்தார். பெரும்பகுதி காற்று போனதும் கோளம் பெரிய சத்தத்தோடு கசக்கிய துணிபோல் நசுங்கியது. அருகில் நின்றவர்கள் அரண்டார்கள். கோளம் சரியான உருண்டையாக வார்க்கப்படாததே காரணம் என்று கண்டு, வேறொன்று செய்வித்தார். அது தாங்கியது. 1650-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த வேலை இது. காற்றை நேராகவே இழுத்து வெளியேற்றும் பம்பு அங்கே பிறந்தது.

1653-54-இல் ரேகன்ஸ்பர்க்கில் பேரரசின் பெருமன்றம் கூடியது. மாக்டபர்க்கின் சுதந்திர வழக்கோடு கேரிக்கெ அங்கே போனார். பம்பும் கூடப் போனது. 1654-இல் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டும் இளவரசர்களும் பார்க்கச் சோதனைகளைச் செய்து காட்டினார். மாக்டபர்க்கை எரித்தது இந்தப் பேரரசரின் தந்தையுடைய படை. மகனிடம் உரிமை கேட்டுப் போனவர் கையில் தொலைந்த சாசனம் ஒன்று, காற்றிழுக்கும் கருவி ஒன்று. சாசனத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. கருவியை எல்லாரும் கேட்டார்கள். மைன்ஸ் நகரத்துப் பேராயர் யோஹான் பிலிப் ஃபான் ஷேன்போர்ன் அதை விலைக்கே வாங்கி, வுர்ஸ்பர்க்கில் இருந்த இயேசு சபைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டார்.

பெயர் வைக்கப்பட்டது அந்த வுர்ஸ்பர்க்கில்தான். கல்லூரியில் காஸ்பர் ஷாட் என்ற இயேசு சபைத் துறவி கணிதம் கற்பித்தார். கருவியை இயக்கிப் பார்த்து, கேரிக்கெயோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டு, 1657-இல் நீர், காற்று இயந்திரங்கள் பற்றித் தாம் வெளியிட்ட லத்தீன் நூலில் இதையும் சேர்த்தார். அவர் தந்த தலைப்பு 'மாக்டபர்க்கின் புதிய சோதனை'. ஷாட் கத்தோலிக்கத் துறவி; எரித்த பக்கத்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். 'மாக்டபர்கிஸீரன்' என்ற வினைக்கு வயது இருபத்தாறு. எல்லாருக்கும் அழிவு என்றே ஒலித்த ஊர்ப்பெயரின் பக்கத்தில் 'புதிய' என்ற அடைமொழியை வைத்து அச்சிட்டவர் அவர். அவர் அதை நினைத்து வைத்தாரா, எங்கிருந்து வந்ததோ அந்த ஊரைக் குறித்தாரா என்று நான் வாதாட மாட்டேன். நகரத் தலைவர் நகரத்தின் வேலையாக வந்த இடத்தில் காட்டிய சோதனை; அதை அவர் பெயரால் குறிப்பதும் அவர் நகரத்தின் பெயரால் குறிப்பதும் பார்த்தவர்களுக்கு ஒன்றாகவே பட்டிருக்கும்.

ஷாட்டின் நூலை ஆங்கில நாட்டில் ராபர்ட் பாயில் படித்தார். ராபர்ட் ஹூக்கின் துணையோடு தாமும் ஒரு பம்பு செய்தார். வாயுவின் அழுத்தத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள உறவு பற்றி நம் பாடநூலில் வரும் பாயில் விதி அந்தப் பம்பின் தொடர்ச்சி.

குதிரைகள் இழுத்தது 1650-களின் பின்பகுதியில், மாக்டபர்க்கிலேயே. அரை மீட்டரை ஒட்டிய குறுக்களவுள்ள இரண்டு செப்புக் கிண்ணங்கள். நடுவே மெழுகிலும் டர்ப்பன்டைனிலும் ஊறிய தோல் வளையம். உள்ளே இருந்த காற்றை இழுத்துவிட்டால் வெளிக்காற்று ஒரு டன் எடைக்கும் மேலான விசையோடு அவற்றைச் சேர்த்து அழுத்தும். பதினாறு குதிரைகள் இழுத்துப் பிரிக்கும்போது பீரங்கி வெடித்தது போல் சத்தம் வரும். பல நேரம் பிரியவே பிரியாது. ஒரு பக்கத்தை வலுவான சுவரில் கட்டி எட்டுக் குதிரைகளை மட்டும் வைத்து இழுத்தாலும் விசை அதேதான். ஆனால் எட்டுக்கு எட்டு எதிரெதிரே நிற்கும் காட்சிக்கு உள்ள வலு சுவருக்கு இல்லை என்பது, பல ஆண்டுகள் மன்றங்களில் பேசிப் பழகியவருக்குத் தெரிந்திருந்தது. காற்றுக் குழாயின் திருகை ஒரு சிறுபிள்ளை திறந்தால் போதும், கிண்ணங்கள் தாமாகவே பிரிந்துவிழும்.

அதே ஊரார் பார்த்து வியந்த வேறொன்றும் உண்டு. வீட்டின் மாடிகளை ஊடுருவி ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்துக்கு நீர்க்குழாய் ஒன்றை நிறுத்தினார். மேலே கண்ணாடிக்குள் ஒரு சின்ன மரப்பொம்மை மிதக்கும். காற்றழுத்தம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். 1660-இல் பொம்மை சட்டென்று அடியில் இறங்கக் கண்டு புயல் வரும் என்றார். வந்தது.

மீண்டும் எழுத்துக்கு வருகிறேன். 1666 ஜனவரியில் பேரரசர் முதலாம் லியோபோல்ட் அவருக்குப் பிரபுப் பட்டம் தந்தார். பெயரின் முன்னால் 'ஃபான்' சேர்ந்தது. பெயரின் உள்ளேயும் ஓரெழுத்து சேர்ந்தது. அதுவரை ஜி-க்கு அடுத்து இ வரும்படி எழுதிவந்தார்கள். அந்த இரண்டு எழுத்தும் அடுத்தடுத்து நின்றால் பிரெஞ்சு தெரிந்தவர் நாக்கு ககரத்தை விட்டு ஜகரத்தின் பக்கம் போய்விடும். கேரிக்கெ 'ஜெரிக்' ஆகிவிடும். அரசவைகளின் மொழியாகப் பிரெஞ்சு வளர்ந்துகொண்டிருந்த காலம். எனவே நடுவில் ஒரு யு. பிரெஞ்சு எழுத்துமுறையில் அந்த யு ஒலிக்காது. ககரத்தைக் காவல் காக்கும், அவ்வளவுதான். ஊரூராகத் தூது போனவருக்கு வேண்டியிருந்த எழுத்து. நாம் அதே யு-வைப் பார்த்துக் குவெரிக்கே, குரிக் என்று படிக்கிறோம். ஒலியைக் காப்பாற்ற வைத்த எழுத்து இந்தப் பக்கம் வந்ததும் ஒலியை மாற்றிவிட்டது. கேரிக்கெ என்று எழுதுவதற்குத் தமிழில் எந்தத் தடையும் இல்லை. நம் ககரத்துக்கு எந்த உயிர் வந்தாலும் ஜகரமாகிவிடும் அச்சம் கிடையாது. பாடநூல் எழுதுவோர் இதைக் கவனித்தால் மகிழ்வேன்.

அதே 1666-இல் பிரான்டன்பர்க் குறுநில மன்னரின் படை மாக்டபர்க்கை நோக்கி வந்தது. 1631-ஐ மறக்காத ஊர். குளோஸ்டர் பெர்கே என்ற மடத்தில் உடன்படிக்கை எழுதி, மன்னருக்குப் பணிந்து, அவருடைய காவற்படையை மதிலுக்குள் ஏற்றுக்கொண்டது. இருபது ஆண்டுத் தூது, கி.பி. 940-இன் சாசனம், சுதந்திர நகரம் என்ற சொல், எல்லாம் அங்கே முடிந்தன. நகரத் தலைவர் பெயரில் ஓரெழுத்து ஏறிய ஆண்டும் நகரத்தின் தன்னாட்சி இறங்கிய ஆண்டும் ஒன்று. போரில்லாமல் பணிந்ததால் ஊர் எரியவில்லை; அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மாக்டபர்க் மறுபடி மாக்டபர்க் ஆக்கப்படாமல் தப்பித்தது. அந்த வினைச்சொல்லைப் பிறந்த ஊரில் இரண்டாம் முறை பயன்படுத்த வேண்டியிருக்கவில்லை. அதன் பின் கேரிக்கெ பத்தாண்டுகள் பதவியில் தொடர்ந்தார்.

1663-இலேயே எழுதி முடித்திருந்த அவருடைய பெரிய நூல் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. யு சேர்ந்த புதிய எழுத்தில் அவர் பெயர் முகப்பில் இருக்கிறது. தலைப்பில் சோதனைகளுக்குத் தம் பெயரை வைக்கவில்லை, கருவியின் பெயரையும் வைக்கவில்லை. மாக்டபர்க்கின் புதிய சோதனைகள், வெற்றிடத்தைக் குறித்து என்று வருகிறது. 'புதிய' என்பதற்கும் 'மாக்டபர்க்' என்பதற்கும் நடுவே, அடைப்புக்குறிக்குள், இரண்டு லத்தீன் சொற்கள்: 'உத் வோகாந்துர்'. அப்படி அழைக்கப்படுகிறபடி. பெயர் தாம் வைத்தது அல்ல, வெளியார் வழங்கியது என்று சட்டம் படித்தவருக்குரிய கவனத்தோடு குறித்திருக்கிறார்.

1681-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஹாம்பர்க்கில் இருந்த மகன் வீட்டுக்குப் போனார். 1686 மே மாதம் அங்கேயே இறந்தார். 'மாக்டபர்கிஸீரன்' இன்று ஜெர்மானியர் வாயில் வருவதில்லை. வரலாற்று நூல்களில் விளக்கம் சொல்லித்தான் எழுதுகிறார்கள். அரைக்கோளங்களுக்கு எந்த ஊர்ப் பள்ளியிலும் விளக்கம் வேண்டியிருப்பதில்லை.